ஒன்பது பதிமூணு மேடம்

— அசையாம நில்லு மேரி, ஊக்கு குத்திடப் போவுது. முப்பத்தி மூணு வருசமா பீரோவுல தொங்குன கவுனு, தோள்ல நிக்கவே மாட்டேங்குது.

— கோர்ட் வராண்டாவுல நின்னு ஊக்கு மாட்டிக்கிட்டு இருந்தா பாக்கறவங்க என்னங்க நினைப்பாங்க? விடுங்க.

— இன்னா நெனைப்பாங்க? காலேஜ் ப்ரொபசரா ரிட்டையர் ஆன அம்மா, அறுபது வயசுல மொத மொத கேஸ் நடத்த வந்துகீது, புருசன்காரன் கூட நின்னு ஒத்தாசை பண்றான்னு நெனைப்பாங்க. பெருமைதானே? நீ இன்னா சொல்ற பூங்காவனம்மா?

— நான் இன்னாத்த சொல்றது அண்ணாத்தே. மூணு மணிக்கு கோர்ட்டு அமீனா போலீசோட வந்து ஊட்டைப் பூட்டுறான். இப்பவே மணி பத்தே கால்.

— பூங்காவனம், இங்க என் மூஞ்சைப் பாருங்க. நம்ம மனு பதினாலாவது நம்பர். மதியத்துக்குள்ள கூப்பிட்டுடுவாங்க. முறைப்படி என்னென்ன செய்யணுமோ எல்லாம் செஞ்சிருக்கோம்.

— எனக்குப் போயி 'ங்க' போடாதீங்க மேடம். கூச்சமா கீது.

— கட்சிக்காரரை மரியாதையாத்தான் கூப்பிடணும்.

— ஏம்மா, எனக்கு ஷெட்டு வேலைதான் தெரியும். முப்பத்தாறு வருசம் அண்ணனூர் கார் ஷெட்டுல ரயிலுக்கு பிரேக்கு மாட்டினு இருந்தவன். கோர்ட்டு சமாச்சாரம் புரியல. உனக்கே தெரியாம உன் ஊட்டை உன் பங்காளி எப்டி ஜெயிச்சான்?

— குத்தம்பாக்கத்துல பஸ் ஸ்டாண்டு வருதுன்னதும் அந்த ஜம்புலிங்கத்துக்குக் கண்ணு மாறிப்போச்சு அண்ணாத்தே. என் ஊட்டுக்காரருக்குப் பெரியப்பா மவன் அவன். நாலு சென்ட்டு எடம். அவரு கொத்தனாரு, தன் கையாலயே ஒவ்வொரு கல்லா வெச்சுக் கட்டுன ஊடு. அவரு போயி ஒம்போது வருசமாச்சு. எடம் மொத்தமும் தன்னுதுன்னு இவன் கேஸு போட்டுகீறான். எனக்கு ஒரு கடுதாசி வரல, ஒரு ஆளு வரல. போன வாரம் அமீனா வந்து நிக்கிறான். 'தீர்ப்பாயி பதினாலு மாசம் ஆச்சும்மா, அடுத்த வாரம் பூட்ட வரோம், சாமானை எடுத்துக்கினு கெளம்பு'ன்றான்.

— அதெப்படி ஒரு ஆளைக் கேக்காமலே தீர்ப்பு குடுப்பான்? அநியாயமாகீதே.

— கூப்பிட்டதா எழுதி வெச்சிருக்காங்கங்க. அங்கதான் விஷயமே. கேஸ் போட்டா எதிராளிக்கு சம்மன் போகணும். கொண்டு போன அமீனா என்ன எழுதியிருக்கார் தெரியுமா? 'எதிர்வாதி வீட்டில் இல்லை. வெளிக்கதவில் ஒட்டிச் சார்பு செய்யப்பட்டது.' ஒரே வரி. அதை நம்பி, இந்தம்மா வேணும்னே வரலைன்னு முடிவு பண்ணி, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு தீர்ப்பு குடுத்தாச்சு. எக்ஸ்பார்ட்டி.

— ஒட்டலியா அவன்?

— எங்க அண்ணாத்தே ஒட்டுறது? அப்ப என் ஊட்டுக்குக் கதவே இல்லியே!

— கதவே இல்லியா!

— அந்த டிசம்பர் மழைல ஊட்டுக்குள்ள முட்டிக்கு மேல தண்ணி. கதவு ஊறி உப்பிப்போயி நெலைய உட்டே வந்துடுச்சு. திருமழிசை ஆசாரியாண்ட குடுத்தேன், அந்தாளு நாலு மாசம் இழுத்துட்டான். அதுவரிக்கும் வாசல்ல ஃப்ளெக்ஸுதான் கட்டி உட்டிருந்தேன். எங்க கொழுந்தனாரு பேத்தி காதுகுத்து ஃப்ளெக்ஸு.

— அதை நிரூபிக்கவும் நம்மகிட்ட போட்டோ இருக்கு. வெள்ள நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவங்க, இவங்களை வாசல்ல நிக்க வெச்சு எடுத்தது. தேதி இருக்கு, முத்திரை இருக்கு. அமீனா ஒட்டுனதா எழுதியிருக்கற அதே வாரம்.

— அப்ப லைன் கிளியர்! சிக்னல் பச்சை! இன்னாத்துக்கு ரெண்டு பேரும் மூஞ்சைத் தொங்கப் போட்டுகினு நிக்கறீங்க?

— எதிர்ப்பக்கம் அஸ்வின் நிக்கறான்ங்க.

— எந்த அஸ்வின்? கிறிஸ்மஸுக்கு நம்ம ஊட்டுக்கு வந்து பிரியாணி துன்னுட்டுப் போவானே, உன் ஸ்டூடண்டு, அவனா?

— அவனேதான். சம்மன் பாடம் நடத்துனப்போ கடைசி பெஞ்சுல குறட்டை விட்டவன். இப்ப பெரிய காரு, நாலு ஜூனியர்.

— குறட்டை உட்டது அவன் மட்டுமா? பூங்காவனம்மா, உனக்குத் தெரியாது. மேரி நடத்துனது சிவில் ப்ரொசீஜர். எந்தப் பேப்பரை எங்க குடுக்கணும், யாரு எத்தினி நாளுக்குள்ள குடுக்கணும், அதான் பாடமே. கொலைக்கேஸு பாடம்னா பசங்க ஜன்னல்ல தொங்கினு கேப்பானுங்க. இவ பாடம்னா கேன்டீன் நெறைஞ்சுடும்.

— போதும், ஆரம்பிச்சிட்டீங்களா?

— சொல்ல உடு மேரி. இவ டாக்டர் பட்டம் வாங்குனது எதுக்குன்ற? சம்மன் ஒட்டுறதைப் பத்தி. எட்டு வருசம் ஆராய்ச்சி! எங்க ஷெட்டுல கேப்பானுங்க, 'பாஸ்கல், உன் சம்சாரம் எதுல டாக்டரு?' பசை தடவுறதுல நைனாம்பேன்.

— சிரிக்காதீங்க பூங்காவனம். இவரு வீட்டுலயும் இப்படித்தான்.

— பசங்க வெச்ச பட்டப்பேரு இன்னா தெரியுமா? ஒன்பது பதிமூணு மேடம்! பஸ் நம்பரு கணக்கா.

— ஆர்டர் ஒன்பது, ரூல் பதிமூணு. ஆளைக் கேக்காம குடுத்த தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்ற விதி. அதை நடத்தறப்ப மட்டும் எனக்குக் கொஞ்சம் குரல் உசந்துடும். அதுக்கு வெச்ச பேரு.

— கொஞ்சமா? ஆவடியில நடத்துனா வேப்பம்பட்டுல கேக்கும்.

— ஏன் உசராது? ஒரு மனுஷன் பேச்சைக் கேக்காம அவன் வீட்டை எடுக்கக் கூடாது. சட்டத்துல எனக்குப் புடிச்சது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான். முப்பத்தி மூணு வருஷம் தொண்டை கிழியச் சொன்னேன். யாரு கேட்டா?

— ஐய, மேரி. இன்னிக்கு நல்ல நாளு.

— உங்களுக்கு என்ன, நீங்க கேலி பண்ணிட்டுப் போயிடுவீங்க. உள்ள நின்னு பேசப் போறது நான். முழுநேரம் சம்பளம் வாங்கற வாத்தியார் வக்கீலா ஆஜராகக் கூடாது. வேலைக்குச் சேர்ந்தப்பவே லைசன்ஸை நிறுத்தி வெச்சேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஜூனியர். சீனியர் என்னை வாய்தா கேக்க மட்டும்தான் அனுப்புவார். ஆக, கோர்ட்டுல இதுவரைக்கும் நான் பேசுன ஒரே வார்த்தை 'வேறு தேதி வேண்டும் ஐயா'. முப்பத்தி மூணு பேட்ச்சுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்துட்டு, இன்னிக்குத்தான் தண்ணியிலயே இறங்கறேன்.

— லைசன்ஸ் திரும்ப வந்துடுச்சுல்ல?

— ரிட்டையர் ஆன மறுநாளே எழுதிப் போட்டேன். ஆர்டர் போட்டாச்சு, தபால்ல வரும்னு போன்ல சொன்னாங்க. இன்னும் கைக்கு வரலை. ஆர்டர் ஆயிடுச்சு இல்ல, அது போதும்.

— பின்ன இன்னா?

— பின்ன ஒண்ணுமில்லை. பேர்வெல் அன்னிக்கு ஏழு பேரு பேசுனாங்க. ஒருத்தர் கூட நான் என்ன பாடம் நடத்துனேன்னு சொல்லலை. 'நேரம் தவறாதவர், லீவே போடாதவர்'னு சொல்லி ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. பிரின்சிபால் பதவி என்னைத் தாண்டி ரெண்டு வாட்டி போச்சு. அதுகூட வலிக்கலை. வீட்டுக்கு வந்து அந்தக் கடிகாரத்தை மாட்டுனப்பதான், இத்தனை வருஷம் சுவத்தைப் பாத்துப் பேசிட்டோம்னு தோணுச்சு.

— மேடம், அப்டி சொல்லாதீங்க.

— இல்ல பூங்காவனம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நான் தப்பு பண்ணினா போறது உங்க வீடு. வெளிய எத்தனையோ வக்கீல் இருக்காங்க. தினம் வாதாடறவங்க. இப்பகூட ஒருத்தரை...

— நான் வேற வக்கீலு கெடைக்காமயா உங்களாண்ட வந்தேன்? அமீனா சொல்லிட்டுப் போனதும், கஞ்சிகூட குடிக்கல, ஆட்டோ புடிச்சு ஆவடிக்கு வந்து, பருத்திப்பட்டுல தெருத் தெருவா கேட்டு உங்க ஊட்டைக் கண்டுபுடிச்சேன். நீங்கதான் வேணும்னு வந்தேன்.

— யாரு சொன்னாங்க என்னைப் பத்தி? அன்னிக்கே கேட்டேன், நீங்க சொல்லலை.

— அப்பால சொல்றேன் மேடம். மொதல்ல ஊடு.

— சரி, பேச்சை உடுங்க ரெண்டு பேரும். மேரி, கவுனு ரைட்டு. கோட்டு ரைட்டு. கழுத்துல இன்னா மொட்டையாகீது?

— சேசுவே! பேண்டு! கழுத்துல கட்டற வெள்ளைப் பேண்டு எங்கங்க?

— நீதான் நேத்து கஞ்சி போட்டுக் கொடியில மாட்டுன.

— கொடியிலயே விட்டுட்டேனா? அது இல்லாம உள்ள நின்னா ஜட்ஜ் என்னை நிமிந்துகூடப் பாக்க மாட்டார். எதிர்ல ஜெராக்ஸ் கடையில விப்பாங்களா பாருங்க.

— கடை பூட்டிகீது, வர்றப்பவே பாத்தேன். இரு, நான் ஊட்டுக்குப் போயி எடுத்தாறேன். ஸ்கூட்டர்ல போவ வர முக்கா மணி. பதினாலாவது நம்பர் எங்கயும் ஓடிடாது.

— மெதுவாப் போங்க. ஹெல்மெட்!

— பூங்காவனம்மா, மேடத்தைப் பத்திரமா பாத்துக்கோ. தண்ணி குடிக்க வையி.

* * *

— மேரி! இந்தா, மடிப்புக்கூட கலையல. செக்போஸ்ட்டாண்ட லாரி மல்லாந்து கெடக்குது, ஒன்றரை மணி நேரம் நவுர முடியல. நம்பரு கூப்ட்டாங்களா? நீ ஏன் வெளிய உக்காந்துகீற? கவுனைக் கழட்டிட்ட?... மேரி, அழுதியா?

— பேண்டு வேணாங்க. முடிஞ்சு போச்சு.

— முடிஞ்சு போச்சா? ஆண்டவரே. ஒரு துண்டுத் துணியால... பூங்காவனம்மா, என்னை மன்னிச்சிடும்மா. சாமானெல்லாம் நம்ம ஊட்ல வெச்சுக்கலாம். மாடியில ஒரு ரூம்பு சும்மாதான் கீது.

— இன்னா அண்ணாத்தே மன்னிப்பு கின்னிப்புன்னு! கெலிச்சிட்டோம்!

— கெலிச்சோமா!

— வெறும் ஸ்டே மட்டும் இல்ல அண்ணாத்தே, அந்தத் தீர்ப்பையே தூக்கிக் கடாசிட்டாரு ஐயா! கேஸு மொதல்லேர்ந்து நடக்கும், நானும் என் பத்திரத்தையெல்லாம் காட்டலாம். மூணு மணிக்கு எவனும் வர மாட்டான். அமீனா கோர்ட்டுல நின்னு தலையைச் சொறிஞ்சிட்டான்!

— அடி சக்கை! மேரி! இதுக்கா அழுத? இரு, ஷாரனுக்குப் போனு போடறேன். பொண்ணு காலையிலேர்ந்து மூணு வாட்டி கேட்டுட்டா. அலோ! ஷாரன்? அப்பா பேசறேன். கெலிச்சிட்டா! உங்கம்மா மொத கேஸு, மொத நாளு, எதிராளி அப்டியே குளோஸு! ஆமாண்டா, அஸ்வினுதான், அதே பிரியாணி அஸ்வினு. இன்னா பேசுனாளா? சிங்கம் கணக்கா...

— போனை வைங்க. நான் கெலிக்கலை.

— இரு ஷாரன், அப்பறம் கூப்புடறேன். இன்னா மேரி சொல்ற?

— நான் வாயே திறக்கலைங்க.

— வெளாடாத.

— சத்தியமா. நீங்க போனதும் முன்னாடி இருந்த கேஸெல்லாம் மளமளன்னு வாய்தா ஆயிடுச்சு. பதினாலாவது நம்பர் கூப்பிட்டாங்க. பக்கத்துல ஒரு வக்கீல் பொண்ணு காவ்யா, அவ பேண்டை இரவல் வாங்கிக் கட்டிக்கிட்டு எழுந்து நின்னேன். 'மனுதாரருக்காக ஆஜராகிறேன்'னு ஆரம்பிச்சேன். அஸ்வின் எழுந்துட்டான். 'மேடம் என் குரு, மன்னிக்கணும். ஆனா அவங்க லைசன்ஸ் நிறுத்தத்துல இருக்கு. திரும்பக் குடுத்த ஆர்டர் இருந்தா காட்டட்டும்'னான்.

— அடப்பாவி! துன்ன சோத்துக்கு...

— அவன் மேல தப்பே இல்லைங்க. கட்சிக்காரனுக்காகக் கேக்க வேண்டியதைக் கேட்டான். ஜட்ஜ் ஐயாவும் நல்லவர்தான். 'ஆர்டர் நகல் இருக்கா மேடம்?'னார். தபால்ல வருதுன்னேன். வெளிய போயி போன் பண்ணிக் கேட்டுட்டு வாங்கன்னு அஞ்சு நிமிஷம் குடுத்தார். பண்ணினேன். பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்களாம். திரும்பியும் வந்துடுச்சாம். 'இந்த விலாசத்தில் இல்லை'ன்னு.

— நம்ம ஊட்லயா? நான் நாள் பூரா வாசல்லதானே குந்தினு கீறேன்?

— நம்ம வீட்டுக்கு அனுப்பலைங்க. அண்ணனூர் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அனுப்பியிருக்காங்க.

— குவார்ட்டர்ஸா? அதைக் காலி பண்ணி பதினோரு வருசம் ஆவுதே!

— அவங்க ரெக்கார்டுல அந்த விலாசம்தான் இருக்கு. நான் மாத்தலை.

— மாத்தலியா.

— மாத்தலை.

— 'சரியான விலாசத்துக்குப் போகாத சம்மன், சம்மனே இல்லை'ன்னு புஸ்தகம் எழுதுனவ... எட்டு வருசம்...

— சிரிங்க. நல்லாச் சிரிங்க. அடக்காதீங்க, வெடிச்சிடுவீங்க.

— மன்னிச்சிடு மேரி. முடியல. பூங்காவனம்மா, நீயும் சிரிக்கிறியே.

— அப்ப சிரிக்கல அண்ணாத்தே. அப்ப எனக்கு உசுரே போயி வந்துச்சு.

— உள்ள போயி உண்மையைச் சொன்னேன். ஐயா பேனாவை வெச்சிட்டார். 'வருத்தமா இருக்கு மேடம், பேப்பர் இல்லாம உங்களை நான் கேக்க முடியாது. திங்கக்கிழமைக்குப் போடட்டுமா?'ன்னார். திங்கக்கிழமை! மூணு மணிக்கு வீட்டைப் பூட்டிட்டா திங்கக்கிழமை என்ன, எப்ப வந்தா என்ன? இந்தம்மா வீடு என்னால போகுது, என்னோட ஒரு விலாசத்தால போகுதுன்னு நிக்கறேன். அப்ப எனக்குப் பின்னாடிலேர்ந்து ஒரு குரல். 'ஐயா, வக்கீலு இல்லாம கட்சிக்காரியே பேசலாம்ல? ஆர்டரு மூணுல அதுக்கு எடம் கீது.'

— யாரு?

— இதோ, இவங்கதான்.

— பூங்காவனம்மாவா!

— ஊடு போவப் போவுதே அண்ணாத்தே. வாயி தானா தெறந்துக்கிச்சு. ஐயா கண்ணாடியை எறக்கிப் பாத்தாரு. 'பேசுங்கம்மா'ன்னாரு.

— இன்னா பேசுன?

— போட்டோவைக் குடுத்தா அவரு பாத்துட்டு வெச்சிடுவாரு, அந்த அஸ்வினு தம்பி எதுனா சொல்லிக் கெடுத்துடும்னு தோணுச்சு. அமீனா அங்கயே ஓரத்துல நின்னுகினு கீறான், மூணு மணிக்குப் பூட்டறதுக்கு ஆர்டரு வாங்கினு போவ. 'ஐயா, ஒட்டுனதா எழுதுன அண்ணன் இங்கதான் கீறாரு, சத்தியம் வாங்கினு விசாரிக்கணும், அது ரூலு'ன்னேன். ஐயா அவரைக் கூண்டுல ஏத்திட்டாரு. நான் ஒரே கேள்விதான் கேட்டேன்.

— இன்னா கேட்ட?

— 'அண்ணே, என் ஊட்டுக் கதவு இன்னா கலரு?'

— ஐயோ!

— 'பச்சை'ன்னான், போன வாரம் பாத்த கதவை நெனைச்சுக்கினு. 'நல்லா ரோசனை பண்ணி சொல்லுண்ணே'ன்னேன். 'பச்சைதாம்மா, ஆயில் பெயிண்ட்டு, கை வெச்சா வழுக்கும், பசையே நிக்கல'ன்றான். அப்பதான் போட்டோவை ஐயா கையில குடுத்தேன்.

— மாமே! ஐயா இன்னா சொன்னாரு?

— ஜட்ஜ் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு அந்த ஃப்ளெக்ஸைச் சத்தமாப் படிச்சார்ங்க. 'காதணி விழாவுக்கு வருகை தரும் சொந்தங்களை வருக வருக என வரவேற்கும் தாய்மாமன்மார்கள்.' கோர்ட்டே சிரிச்சுது. அப்பறம் அமீனா பக்கம் திரும்பி, 'இதுல எந்த மாமன் மூஞ்சில ஒட்டுனீங்க?'ன்னார்.

— சூப்பர்யா!

— பாவம் அண்ணாத்தே, அவனும் மனுசன்தான். அழுதுட்டான். 'அன்னிக்கு நாப்பது சம்மன் ஐயா, ரோடெல்லாம் தண்ணி, பைக்கு இஞ்சினுக்குள்ள தண்ணி போச்சு. போகல ஐயா. எப்பவும் எழுதுறதை எழுதிட்டேன்'னு ஒத்துக்கினான்.

— அஸ்வின் விடலைங்க. 'பதினாலு மாசம் கழிச்சு வந்திருக்காங்க, முப்பது நாளுக்குள்ள வரணும்'னு எழுந்தான். அதுக்கும் இவங்க பதில் சொன்னாங்க. 'சம்மன் ஒழுங்கா வரலைன்னா, நமக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்துதான் முப்பது நாள் ஐயா. எனக்குத் தெரிஞ்சு எட்டு நாள்தான் ஆவுது.' அஸ்வின் அப்படியே உக்காந்துட்டான்.

— நீ ராத்திரி எல்லாம் உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தியா மேரி? சொல்லவே இல்ல.

— இல்லைங்க. அதான் சொல்ல வரேன். நான் எதையும் சொல்லிக் குடுக்கலை. 'கையெழுத்துப் போடுங்க, பயப்படாதீங்க'ன்னேன், அவ்வளவுதான். ஆர்டர் மூணு நான் சொல்லலை. முப்பது நாள் கணக்கு நான் சொல்லலை.

— பின்ன?

— வெளிய வந்தப்ப அஸ்வின் என் காலைத் தொட்டுட்டு ஒண்ணு சொன்னான். 'மேடம், கதவு கலர் கேள்வி நீங்க கிளாஸ்ல சொன்னது இல்ல? நான் தூங்கிட்டு இருந்தேன்னு நினைச்சீங்க, அது மட்டும் காதுல விழுந்துச்சு'ன்னான். அப்பதான் எனக்கே உறைச்சுதுங்க. ஆமா. ஒவ்வொரு வருஷமும் ஜூலை மாசம் சொல்லுவேன். 'அமீனாவைச் சட்டம் கேக்காதீங்க, கதவு என்ன கலர்னு கேளுங்க. போகாதவன் அங்கதான் மாட்டுவான்.' அது எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. என் புத்தகத்துல கூட எழுதலை. என் கிளாஸ் ரூமுக்குள்ள மட்டும்தான் சொன்னேன்.

— அப்ப உன் ஊட்ல எதுனா புள்ளைங்க மேடமாண்ட படிச்சுதாம்மா?

— எனக்கு ஒரே பையன் அண்ணாத்தே. எட்டாவதோட நின்னுட்டான், லாரி ஓட்டுறான்.

— சொந்தத்துல எவனாச்சும் வக்கீலு குமாஸ்தா?

— எங்க பரம்பரையிலயே கோர்ட்டுப் படி ஏறுனது நான்தான்.

— எப்படின்னு எனக்கும் புரியலைங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். அங்க நின்னு இவங்க வாயிலேர்ந்து என் வார்த்தை ஒவ்வொண்ணா வந்து விழுந்தப்போ, என் கையெல்லாம் சிலுத்துப் போச்சு. பிரின்சிபால் ஆகியிருந்தா கூட இந்த சந்தோஷம் கிடைச்சிருக்காது. முப்பத்தி மூணு வருஷம் சுவத்தைப் பாத்துப் பேசலைங்க நான். ஒருத்தர் கேட்டிருக்காங்க. கேட்டு, ஒரு எழுத்து விடாம வெச்சிருந்து, வேணும்ங்கறப்ப எடுத்து வீட்டைக் காப்பாத்திக்கிட்டாங்க. அதுக்குத்தான் அழுதேன். எனக்கு வேற எந்தக் கேஸும் வேணாம், இந்த ஒண்ணு போதும்.

— போதும்னு உக்காந்துடாத. மொதல்ல போயி விலாசத்தை மாத்து.

— மாத்தறேன், மாத்தறேன். பூங்காவனம், ஆர்டர்ல கையெழுத்துப் போடறப்ப ஜட்ஜ் உங்களை என்னமோ கேட்டாரே. நான் கண்ணைத் தொடச்சுக்கிட்டு இருந்தேன், சரியா விழலை.

— 'எந்தக் காலேஜுலம்மா சட்டம் படிச்சீங்க?'ன்னு கேட்டாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஒட்டுக்கேட்டாளேன்னு கோச்சிக்க மாட்டீங்களே மேடம்? அந்தப் பயத்துலதான் இத்தினி நாளும் சொல்லல.

— கோச்சிக்கறதா? சொல்லுங்க பூங்காவனம், எங்க படிச்சீங்க?

— 'படிக்கல ஐயா, பெருக்குனேன்'னு சொன்னேன் மேடம். உங்க காலேஜு ரெண்டாவது மாடி வராண்டாவுல ஆறு வருசம் வெளக்கமாறு புடிச்சவ நானு, நீங்க கிளாஸு எடுக்க ஆரம்பிச்சா, மணி அடிக்கிறவரிக்கும் அந்த ஒரு எடத்தையே பெருக்கிக்கினு இருப்பேன்.